கார்டு வாங்கலாமா, லினக்ஸே பார்த்துக்கொள்ளுமா?

கல்யாண போட்டோ எடுக்கிற ஸ்டுடியோ, ஆடிட்டர் ஆபீஸ், டிடிபி சென்டர், சின்னப் பதிப்பகம் என்று ஏதோ ஓர் இடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. அது போனால் பிழைப்பே நின்றுவிடும் என்பதால், அதே அளவில் இன்னொன்று வாங்கி இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி செய்துவிடலாம் என்று முடிவாகிறது. கடைக்காரர் சொல்வார்: “சார், ரெய்டு கார்டு ஒண்ணு போட்டுடுங்க. ஹார்ட்வேர்ல பண்ணாதான் ஸ்பீடு.” கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவர் குறுக்கே வருவார்: “எதுக்குண்ணா கார்டு? லினக்ஸ்லயே இருக்கே.”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு டிஸ்க், ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால் தம்பி சொல்வதுதான் சரி. கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றாவதாக ஒரு டிஸ்க்கும் ஒழுங்கான யுபிஎஸ்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தம்பி சொல்லாமல் விடுகிற விஷயங்கள் சில உண்டு. லினக்ஸ் மிரரை ஐந்து நிமிடத்தில் அமைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது காலை வாரும் இடங்கள் பிறகுதான் தெரியவரும். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றித்தான்.

மிரரிங் எளிமையான சங்கதி. ஒரு ஃபைலைச் சேமித்தால் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது அப்படியே ஓடும், வேலை நிற்காது. 4 டிபி இரண்டு வாங்கினாலும் கையில் கிடைப்பது 4 டிபிதான். 1988-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் ரெய்டு என்ற பெயரும் ரெய்டு 1, ரெய்டு 5 என்ற எண்களும் பரவின. ரெய்டு 1 என்றால் இந்த மிரர்தான். மிரர் செய்யும் வழக்கம் அவர்களுக்கு முன்பே பெரிய கம்ப்யூட்டர்களில் இருந்தது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டமாக வைத்து வேலை வாங்கலாம் என்பதே அவர்கள் வாதம்.

மிரர் பேக்கப் ஆகாது. தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ரேன்சம்வேர் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும். திருடன் டப்பாவையே தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். டிஸ்க் செத்த நாளில் வேலை நிற்காமல் இருப்பதற்குத்தான் மிரர். மூன்றாவது டிஸ்க் வாங்கச் சொன்னது பேக்கப்புக்காகத்தான்: வாரம் ஒருமுறையாவது நகல் எடுத்து, கழற்றி, வேறு இடத்தில் வைப்பதற்கு.

இனி தேர்வுக்கு வருவோம். ஹார்ட்வேர், சாஃப்ட்வேர் என்று இரண்டு வழிகள் இருப்பதாகத்தான் பேச்சு. உண்மையில் கடையில் மூன்று கிடைக்கும்.

முதலாவது நிஜமான ரெய்டு கார்டு. அதில் சொந்தமாக ஒரு செயலி, சொந்த நினைவகம், நல்லதாக இருந்தால் ஒரு பேட்டரி அல்லது கெப்பாசிட்டர் இருக்கும். லினக்ஸுக்கு இரண்டு டிஸ்க் இருப்பதே தெரியாது; கார்டு ஒரே டிஸ்க் என்று காட்டும், லினக்ஸ் நம்பிக்கொள்ளும். டெல் சர்வர்களில் பெர்க் என்றும், எச்பி சர்வர்களில் ஸ்மார்ட் அரே என்றும் வருவது இந்த வகை.

இரண்டாவது, மதர்போர்டின் பயாஸில் ‘ரெய்டு’ என்று ஒரு வரி இருக்குமே, அது. இன்டெல் 2004 வாக்கில் மேட்ரிக்ஸ் ரெய்டு என்று கொண்டுவந்து பிறகு ரேபிட் ஸ்டோரேஜ் என்று பெயர் மாற்றியது இந்த வகைதான். கார்டுக்குத் தனியாகப் பணம் கேட்கவில்லையே, மதர்போர்டிலேயே ஹார்ட்வேர் ரெய்டு வந்துவிட்டதே என்று பலர் மகிழ்ந்துபோவார்கள். அங்கே ஹார்ட்வேர் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பூட் ஆகும் வரை பயாஸ் மிரர் போலக் காட்டும். அதன் பிறகு இரண்டு டிஸ்க்கிலும் எழுதுகிற வேலையை உங்கள் செயலியே டிரைவர் மூலம் செய்கிறது. லினக்ஸ்காரர்கள் இதை ‘ஃபேக் ரெய்டு’ என்றே சொல்வார்கள். ஒரே டப்பாவில் விண்டோஸும் லினக்ஸும் இருந்து, இரண்டுக்கும் ஒரே மிரர் வேண்டும் என்றால் மட்டும் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. லினக்ஸ் மட்டும் என்றால் பயாஸில் அதை அணைத்து, ஏஎச்சிஐ என்று மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே அதில் தரவு இருந்தால் நகல் எடுத்த பிறகுதான் அந்த வரியில் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிற எம்டி. அதை இயக்குகிற கருவிக்கு எம்டிஏடிஎம் என்று பெயர். நீல் பிரவுன் என்பவர் எழுதியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. காசு கிடையாது.

கடைக்காரரின் ஸ்பீடு வாதத்தை எடுத்துக்கொள்வோம். அது பொய் என்று சொல்ல மாட்டேன், பழையது. ரெய்டு 5, ரெய்டு 6 போன்றவற்றில் எழுதும்போதெல்லாம் கணக்குப் போட வேண்டும். அந்தக் காலச் செயலிகளுக்கு அது சுமை, அதனால் கார்டு கைகொடுத்தது. மிரரில் கணக்கே கிடையாது. ஒரே தரவை இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு காரணமும் அன்று இருந்தது. பழைய பிசிஐ பஸ்ஸின் மொத்தக் கொள்ளளவே நொடிக்கு 133 எம்பி. லினக்ஸ் இரண்டு டிஸ்க்குக்கும் தனித்தனியாக அனுப்பினால் அந்த ஒரே வழியில் தரவு இரண்டு முறை போக வேண்டும். கார்டு இருந்தால் ஒரு முறை போனால் போதும். இன்று ஒவ்வொரு சாட்டா போர்ட்டுக்கும் தனி வழி. என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் நேராகச் செயலியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு கார்டைச் செருகினால் வேகம் குறையத்தான் வாய்ப்பு.

வேகத்தைப் பற்றி ஒரு ஏமாற்றத்தையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இரண்டு டிஸ்க் இருப்பதால் படிக்கும் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைப்பார்கள். எம்டி மிரரில் ஒரு பெரிய வீடியோவை ஒருவர் காப்பி செய்தால் அது பெரும்பாலும் ஒரு டிஸ்க்கிலிருந்துதான் வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஃபைலைக் கேட்டால் ஆளுக்கு ஒரு டிஸ்க் என்று பிரித்துக் கொடுக்கும். எழுதும் வேகமோ இரண்டில் மெதுவான டிஸ்க்கின் வேகம்தான்.

கார்டுக்கு நிஜமான பெருமை ஒன்று உண்டு, அதன் பேட்டரி. தரவைத் தன் நினைவகத்தில் வாங்கியதுமே “எழுதிவிட்டேன்” என்று கார்டு லினக்ஸுக்குச் சொல்லிவிடும். டிஸ்க்கில் பிறகு ஆற அமர எழுதும். இடையில் கரன்ட் போனால் பேட்டரி அந்த நினைவகத்தைக் காப்பாற்றும். புதிய கார்டுகளில் கெப்பாசிட்டர் தரும் மின்சாரத்தில் தரவை ஃபிளாஷுக்கு மாற்றிவிடும். சின்னச் சின்னதாக ஓயாமல் எழுதுகிற டேட்டாபேஸ் சுழலும் டிஸ்க்கில் ஓடினால் இதில் வேகம் பளிச்சென்று தெரியும். ஆனால் பேட்டரிக்கு வயதாகும். சில ஆண்டுகளில் அது தளர்ந்ததும், நல்ல கார்டு தானாகவே பாதுகாப்பான, மெதுவான முறைக்கு மாறிவிடும். ஒரு நாள் காலையில் காரணமே தெரியாமல் சர்வர் இழுத்து இழுத்து ஓடும். பேட்டரி இல்லாத மலிவுக் கார்டில் இந்த வசதியை வலுக்கட்டாயமாக இயக்கி வைத்தால் கரன்ட் போகும் ஒவ்வொரு முறையும் சூதாட்டம். பேட்டரி இல்லாத ரெய்டு கார்டை மிரருக்காக வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கார்டைத் தவிர்க்கச் சொல்வதற்கு வேகம் காரணமல்ல. டிஸ்க் செத்தால் இன்னொரு டிஸ்க் இருக்கிறது, கார்டு செத்தால்? இரண்டு டிஸ்க்கும் நன்றாக இருக்கும், படிக்க வழி இருக்காது. மிரர் பற்றிய குறிப்பைக் கார்டு தன் பாணியில் டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கார்டு கிடைத்தால், அது அந்த டிஸ்க்குகளைப் பார்த்து ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று அறிவிக்கும். ‘இம்போர்ட்’ செய்யவா, ‘கிளியர்’ செய்யவா என்று கேட்கும். பதற்றத்தில் கிளியரை அழுத்தினால் அந்தக் குறிப்பு போய்விடும். சில கார்டுகள் குறிப்பை டிஸ்க்கின் கடைசியில் எழுதுவதால், மிரர் டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகவே படித்துவிடலாம். சிலவற்றின் வடிவம் எம்டிஏடிஎம்முக்கும் புரியும். நடந்தால் நல்லது, நடக்கும் என்று நம்பித் தொழிலை வைக்க முடியாது.

அதே குடும்பத்துக் கார்டு பத்து ஆண்டு கழித்துக் கிடைக்குமா என்பதற்கு 3வேர் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் லினக்ஸ்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்த கார்டு அது. டிரைவர் கர்னலிலேயே இருந்தது. 2004-ல் அந்த நிறுவனத்தை ஏஎம்சிசி வாங்கியது. 2009-ல் அது எல்எஸ்ஐ கைக்குப் போனது. 2014-ல் எல்எஸ்ஐயை அவாகோ வாங்கியது. 2016-ல் அவாகோ பிராட்காமை வாங்கி, பிராட்காம் என்ற பெயரையே தானும் வைத்துக்கொண்டது. 2019-ல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-ல் 3வேர் டிரைவர்கள் நீக்கப்பட்டுவிட்டன. கார்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் புதிய ஓஎஸ் போட்டால் டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது, வெளியிலிருந்து டிரைவர் தேடிப் போட வேண்டும்.

எம்டியில் இந்தக் கவலை கிடையாது. மிரரின் குறிப்பை அது டிஸ்க்கிலேயே, இப்போதைய வடிவத்தில் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி எழுதுகிறது. மதர்போர்டு எரிந்துபோனால் இரண்டில் எந்த டிஸ்க்கையும் கழற்றி வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டலாம். எம்டிஏடிஎம் உள்ள ஒரு லினக்ஸ் யுஎஸ்பியில் பூட் செய்தால், ஒற்றை டிஸ்க்கை வைத்தே மிரரை எழுப்பித் தரவை எடுத்துவிடலாம். டிஸ்க்கை அப்படியே மவுண்ட் செய்ய வராது, முதலில் எம்டிஏடிஎம்மிடம் ‘அசெம்பிள்’ செய்யச் சொல்ல வேண்டும். அது ஒரு வரிதான்.

பயமாக இருந்தால் தரவு ஏற்றுவதற்கு முன்பே இதை ஒருமுறை செய்து பாருங்கள். மெஷினை அணைத்து, ஒரு டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, திறந்து பாருங்கள். திரும்ப மாட்டியதும் அதை மிரரில் சேர்த்து, இரண்டும் ஒன்றாகும் வரை விட்டுவிடுங்கள். கார்டில் இதைச் செய்து பார்க்க உங்களிடம் இரண்டாவது கார்டு இருக்க வேண்டும்.

கரன்ட் போகும் விஷயத்தில் எம்டி எப்படி? ஒரு டிஸ்க்கில் எழுதி மற்றதில் எழுதுவதற்குள் கரன்ட் போனால் இரண்டும் கொஞ்சம் வேறுபட்டு நிற்கும். திரும்ப வந்ததும் எம்டி ஒன்றை வைத்து மற்றதைச் சரிக்கட்டும். 4 டிபி முழுவதையும் ஒப்பிட்டுச் சரிக்கட்டுவதென்றால், நொடிக்கு 150 எம்பி என்று வைத்தாலும் ஏழரை மணி நேரம் ஆகும். அதற்குத்தான் ‘பிட்மேப்’ என்று ஒரு சின்னக் குறிப்பேடு இருக்கிறது. எந்தப் பகுதியில் எழுதப்போகிறது என்பதை முன்கூட்டியே அதில் குறித்துக்கொள்வதால், அந்தப் பகுதிகளை மட்டும் பார்த்தால் போதும்; சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் வேலை முடியும். பெரிய மிரர்களுக்கு எம்டிஏடிஎம் இதைத் தானாகவே சேர்த்துவிடும். இதெல்லாம் இருந்தாலும் யுபிஎஸ் வேண்டும். அது வெறுமனே பத்து நிமிடம் தாங்குவதோடு நிற்காமல், பேட்டரி குறைகிறது என்று யுஎஸ்பி வழியாக லினக்ஸுக்குச் சொல்லி ஒழுங்காக ஷட்டவுன் செய்யவைக்கும் ரகமாக இருக்க வேண்டும்.

இனி எம்டி காலை வாரும் இடங்கள்.

முதலாவது பூட். டேட்டாவை மிரர் செய்துவிட்டு, பூட்டை ஒரே டிஸ்க்கில் விட்டுவிடுவார்கள். இரண்டாவது டிஸ்க் செத்தால் ஒன்றும் தெரியாது. முதலாவது செத்தால், தரவு முழுதாக இருக்கும். மெஷின் மட்டும் எழுந்திருக்காது. கார்டில் இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பயாஸின் கண்ணுக்கே ஒரு டிஸ்க்தான். இன்றைய யுஇஎஃப்ஐ மெஷின்களில் பூட் பார்ட்டிஷன் ஃபேட் வடிவத்தில் இருக்க வேண்டும். எம்டி மிரர் என்றால் என்னவென்று பயாஸுக்குத் தெரியாது. இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனியாக ஒரு பூட் பார்ட்டிஷன் வைத்து, பூட் லோடரான கிரப்பை இரண்டிலும் நிறுவுவதுதான் சுத்தமான வழி. உபுண்டு சர்வர் நிறுவும்போதே இரண்டாவது டிஸ்க்கையும் பூட் டிஸ்க்காகச் சேர்க்க முடியும். எம்டி குறிப்பைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைக்கும் பழைய வடிவத்தைப் பயன்படுத்தி, பூட் பார்ட்டிஷனையும் மிரர் செய்து பயாஸை ஏமாற்றுவோரும் உண்டு. வேலை செய்யும், ஆனால் பயாஸே அதில் எதையாவது எழுதினால் இரண்டு பிரதியும் மாறுபடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. எந்த வழியானாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான்: முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு பூட் ஆகிறதா என்று பாருங்கள். அதைத் திரும்பச் சேர்த்து, முழுதாகச் சரியான பிறகு இரண்டாவதைக் கழற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, சத்தமே இல்லாமல் போவது. இதுதான் ஆக மோசம். ஒரு டிஸ்க் செத்தாலும் எல்லாம் வழக்கம்போல ஓடும். ஃபைல் திறக்கும், பிரிண்ட் போகும். யாருக்கும் சந்தேகம் வராது. பஞ்சரான டயரை மாற்றி ஸ்டெப்னியில் ஓடுகிற கார் போலத்தான், டிரைவருக்கே அது தெரியாது என்பதைத் தவிர. ஆறு மாதம் கழித்து இரண்டாவதும் போகும்போதுதான் மிரர் முன்பே உடைந்திருந்தது தெரியும். கார்டில் பெரும்பாலும் ஒரு பஸ்ஸர் இருக்கும், கத்தும். அதுவும் ஏசி ரூமில் பூட்டி வைத்த சர்வர் என்றால் யார் காதில் விழும்? எம்டிஏடிஎம் மெயில் அனுப்பும். ஆனால் நீங்கள் முகவரி கொடுக்காவிட்டால் அது அந்த மெஷினுக்குள்ளேயே ரூட் கணக்குக்குப் போய் விழும். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அதன் செட்டிங் ஃபைலில் நிஜ முகவரியை எழுதி, மெயில் உண்மையில் வெளியே போகும்படி அமைத்து, எம்டிஏடிஎம்மிலேயே இருக்கிற ‘டெஸ்ட்’ வசதியால் ஒரு சோதனை மெயில் அனுப்பி, அது உங்கள் போனில் வந்து விழுவதைப் பார்த்த பிறகு எழுந்திருங்கள்.

மெயில் இல்லாமலும் பார்க்கலாம். ப்ராக் என்ற ஃபோல்டரில் எம்டிஸ்டாட் என்று ஒரு ஃபைல் இருக்கும். திறந்தால் மிரரின் பெயர், அதில் உள்ள இரண்டு பார்ட்டிஷன்கள், அதன் கீழே சதுர அடைப்புக்குள் 2/2, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ எழுத்துகள். ஒரு யூ என்றால் ஒரு டிஸ்க் எழுந்து நிற்கிறது என்று பொருள். 2/1 என்று மாறி, ஒரு யூ இருந்த இடத்தில் கீழ்க்கோடு விழுந்திருந்தால் ஒற்றை டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். ஆபீஸில் கம்ப்யூட்டரே தெரியாத ஒருவருக்குக்கூடத் திங்கட்கிழமை தோறும் இதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது நேரக் கணக்கு. பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், ஒரு செக்டர் படிக்க வராவிட்டால் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்கூட ஆகலாம். டிஸ்க் தனியாக இருந்தால் அது நல்ல குணம், வேறு பிரதி ஏது? மிரரில் அது கெட்ட குணம். லினக்ஸ் 30 நொடி பொறுத்துப் பார்க்கும். பதில் வராவிட்டால் டிஸ்க்கே செயலிழந்துவிட்டது என்று முடிவுகட்டி ரீசெட் செய்யத் தொடங்கும். ஒரு செக்டர் பழுதுக்காக முழு டிஸ்க்கும் மிரரிலிருந்து தள்ளப்படலாம். ரெய்டு கார்டுகளுக்கோ இன்னும் பொறுமை குறைவு. நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்கிற டிஸ்க்குகள் சில நொடிகளிலேயே “இந்த செக்டர் வரவில்லை” என்று கைவிரித்துவிடும். உடனே எம்டி அந்தத் துண்டை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்து, உங்களுக்கும் கொடுத்து, பழுதான இடத்தின் மேலும் எழுதும். டிஸ்க் அந்த இடத்துக்குப் பதிலாக உதிரி செக்டரைப் பயன்படுத்திக்கொள்ளும். பிரச்சினை வந்ததே தெரியாமல் தீர்ந்துவிடும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பில் உள்ள ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் உங்கள் டிஸ்க்குக்கு இந்தக் குணம் உண்டா என்று பார்க்கலாம். இருந்தால் 7 நொடி என்று வைக்கலாம். கரன்ட் போய் வந்தால் அந்த அமைப்பு பல டிஸ்க்குகளில் பழையபடி ஆகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் வைக்கும்படி செய்யுங்கள். டிஸ்க்குக்கு அந்தக் குணமே இல்லையென்றால், லினக்ஸின் 30 நொடியை 180 ஆக்குங்கள். காத்திருக்கும், ஆனால் டிஸ்க்கைத் தள்ளாது.

டிஸ்க் வாங்கும்போது ‘எஸ்எம்ஆர்’ என்ற எழுத்துகள் விவரத்தாளில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் வேண்டாம். தடங்களை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் அந்த ரகம், இடைவிடாமல் எழுதும்போது திணறும். நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பதை அந்த நிறுவனம் 2020-ல்தான் ஒப்புக்கொண்டது. அட்டைப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுப்பதும் அவ்வளவு நல்லதல்ல. மிரரின் கணக்கே, இரண்டும் ஒரே நேரத்தில் சாகாது என்பதுதான். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: அதன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் ஃபர்ம்வேர் பிழையால் செயலிழந்துவிடும், தரவும் திரும்பாது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் மாட்டிய இரண்டு எஸ்எஸ்டி என்றால் ஒரே மணியில் இரண்டும் போகும். அங்கே ஹார்ட்வேர் ரெய்டும் காப்பாற்றாது, சாஃப்ட்வேர் ரெய்டும் காப்பாற்றாது. அடுத்த ஆண்டு மார்ச்சில் 40,000 மணி நேரத்துக்கு இன்னோர் அறிவிப்பும் வந்தது. சின்ன ஆபீஸுக்கு வழி சுலபம்: ஒன்று ஒரு கம்பெனி, மற்றது இன்னொரு கம்பெனி. 4 டிபி என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால் பார்ட்டிஷனை முழு அளவுக்கு இழுக்காமல் கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு அமையுங்கள். நாளைக்கு மாற்று டிஸ்க் வாங்கும்போது சில எம்பி குறைவு என்று எம்டிஏடிஎம் மறுத்தால், புது டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியிருக்கும்.

பழைய டிஸ்க்கை மாற்றும் நாளில் கைதான் ஆபத்து. லினக்ஸ் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைக்கும். அந்தப் பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு இடம் மாறலாம். “எஸ்டிபி போச்சு, ரெண்டாவது டிஸ்க்கைக் கழட்டு” என்று நல்ல டிஸ்க்கைக் கழற்றியவர்கள் உண்டு. ஸ்மார்ட்சிடிஎல் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் காட்டும். மிரர் நன்றாக ஓடும்போதே அந்த எண்ணின் கடைசி நான்கு எழுத்தை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி, டப்பாவைத் திறந்ததும் கண்ணில் படும் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். டிஸ்க் செத்த பிறகு அதனிடம் எண்ணைக் கேட்டால் பதில் வராது. அப்போது உயிரோடு இருப்பதன் எண்ணைப் பார்த்து, மற்றதைக் கழற்ற வேண்டும்.

மாதம் ஒருமுறை இரண்டு பிரதியையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையும் டெபியன், உபுண்டு போன்றவற்றில் தானாகவே நடக்கும். பொதுவாக முதல் ஞாயிறு. அன்று டிஸ்க் விளக்கு விடாமல் மின்னினால் கலங்க வேண்டாம். ஆனால் எம்டிக்கு ஒரு குறை உண்டு. இரண்டு பிரதியும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. பல கார்டுகளுக்கும் தெரியாது. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம்கள் இரண்டுக்கும் தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால் கெட்ட பிரதியை அடையாளம் கண்டு நல்லதிலிருந்து திருத்திவிடும். பத்து, பதினைந்து ஆண்டுக்குத் திறந்தே பார்க்காத போட்டோக்களைச் சேர்த்து வைக்கிற ஸ்டுடியோவாக இருந்தால் அவற்றைப் பரிசீலிக்கலாம். இவையும் கார்டு கேட்காது. கார்டு நடுவில் இருந்தால் டிஸ்க்குகளைத் தனித்தனியாகப் பார்க்க முடியாமல் இந்தத் திறமை வீணாகும். ஒரு டிஸ்க் இல்லாவிட்டால் பிடிஆர்எஃப்எஸ் சும்மா மவுண்ட் ஆகாது, ‘டிகிரேடட்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்து வைத்திருங்கள். லினக்ஸுக்குப் புதியவர் கையில் சர்வர் இருக்கிறதென்றால் நான் எம்டியும் அதன் மேல் எக்ஸ்ட்4-ம் என்றுதான் சொல்வேன். தவறு நடந்தால் கைகொடுக்கிற ஆள் அதற்குத்தான் அதிகம்.

கார்டு சரியாகிற இடமும் உண்டு. கம்பெனி சர்வராகவே வாங்குகிறீர்கள், ஐந்து ஆண்டு சர்வீஸ் ஒப்பந்தம் இருக்கிறது, டிஸ்க் செத்தால் அவர்கள் ஆளே வந்து ஆரஞ்சு விளக்கு எரிகிற டிரேயை இழுத்துப் புதியதைச் செருகிவிட்டுப் போவார் என்றால் கார்டு இருக்கட்டும். லினக்ஸ் தெரிந்தவர் அங்கே இல்லை என்றால் இன்னும் நல்ல காரணம். விஎம்வேர் போட்டு அதற்குள் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கும் கார்டுதான் வழி. உள்ளூர் டிஸ்க்குகளை மிரர் செய்ய விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐயில் எம்டி போல எதுவும் கிடையாது.

பழைய டெல், எச்பி சர்வரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, கார்டும் கூடவே வந்துவிட்டால் மூன்றைப் பாருங்கள். பேட்டரியின் நிலை என்ன? கார்டுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கின் உடல்நிலையையும் லினக்ஸிலிருந்து பார்க்க முடிகிறதா? மெகாரெய்டு வகைக் கார்டுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் தனி விருப்பம் ஸ்மார்ட்சிடிஎல்லில் இருக்கிறது. மூன்றாவது, டிஸ்க்குகளை இடையில் புகாமல் அப்படியே லினக்ஸிடம் ஒப்படைக்கும் எச்பிஏ முறை அந்தக் கார்டில் உண்டா? இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு எம்டி போடுங்கள். டிரே, விளக்கு வசதியெல்லாம் அப்படியே கிடைக்கும், டிஸ்க்குகள் கார்டுக்கு அடிமையாகாது. முறையை மாற்றும்போது பழைய மிரர் அழியக்கூடும், அதனால் டிஸ்க் காலியாக இருக்கும்போதே, முதல் நாளே செய்துவிடுங்கள்.